வெயில் காயும் உரிமை

1

டர்பனில் எனக்குக் கிடைத்த முதல் அறிவுரை, "ஸ்வெட்டரைப் பெட்டியிலேயே வை" என்பதுதான். 2024 ஜூலை மாதம். தென்னாப்பிரிக்காவுக்கு அது நடுக் குளிர்காலம். ஜோகன்னஸ்பர்க்கில் இரண்டு இரவு பல் கிட்டிக்கக் கிடந்துவிட்டு விமானம் ஏறியிருந்தேன். டர்பனில் இறங்கினால் மதியம் 23 டிகிரி. மார்கழிக் காலையில் மொட்டைமாடியில் நிற்கிற மாதிரி இதமான வெயில். வருடத்தில் 320 நாள் வெயில் என்று சுற்றுலாக் கையேடுகள் பெருமையடித்துக்கொள்கின்றன. வடக்கிலிருந்து கரையோரமாக இறங்கிவரும் அகுல்யாஸ் நீரோட்டம் கடலையும் சூடாகவே வைத்திருக்கிறது. அதனால் குளிர்காலத்திலும் இந்த ஊர் வீட்டுக்குள் அடங்குவதில்லை.

மறுநாள் விடியும்போதே கடற்கரைக்குப் போனேன். சென்னைக்காரனுக்கு இங்கே ஒரு சௌகரியம், சூரியன் கடலிலிருந்துதான் எழும். எட்டு கிலோமீட்டர் அளவுக்கு நீளும் அகலமான நடைபாதை. 2010 உலகக் கோப்பைக் கால்பந்துக்காகப் புதுப்பித்தது. ஓடுகிறவர்கள் ஓடிக்கொண்டிருந்தார்கள். சும்மா ஓட்டம் இல்லை. 1921 முதல் டர்பனுக்கும் பீட்டர்மாரிட்ஸ்பர்குக்கும் இடையே ஏறக்குறைய 90 கிலோமீட்டர் ஓடும் காம்ரேட்ஸ் மாரத்தான் நடக்கிற ஊர் இது. வெறுங்காலோடு சர்ஃபிங் பலகையைத் தூக்கிக்கொண்டு பையன்கள் தெருவைக் கடந்தார்கள். வெள்ளை அங்கி போட்ட ஜூலு சபையார் சிலர் அலையில் நின்று ஜெபித்தார்கள். ஒரு பெண் காலி பிளாஸ்டிக் பாட்டில்களில் கடல்நீரை நிரப்பி மூடிக்கொண்டிருந்தார். உள்நாட்டிலிருந்து வருகிறவர்கள் நோய் தீர்க்கவும் வீட்டைச் சுத்திகரிக்கவும் கடல்நீரை இப்படி ஊருக்குக் கொண்டுபோவார்களாம்.

என்னோடு வந்தவருக்கு 73 வயது. ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியர். நண்பர் ஒருவர் மூலம் அறிமுகம். டர்பனில் வயதில் மூத்த எவரையும் அங்கிள், ஆன்ட்டி என்றுதான் கூப்பிடுகிறார்கள். நானும் அங்கிள் என்றே அழைத்தேன். அவர் பேசுவது ஆங்கிலம். நடுநடுவே தாத்தா, ஆயா, தம்பி, சாமி என்று சில தமிழ்ச் சொற்கள், பழைய நகையைத் துடைத்து எடுத்துக் காட்டுகிற மாதிரி வரும். அவர் சொன்னவற்றை நம்ம பேச்சுத் தமிழிலேயே எழுதுகிறேன்.

அடிங்டன் கடற்கரையில் ஒரு பெஞ்சில் உட்கார்ந்தோம். "இந்த இடத்துல நான் மொதல் தடவை கால நனைச்சப்போ எனக்கு முப்பத்தெட்டு வயசு தம்பி," என்றார்.

"வேற ஊர்ல இருந்தீங்களா?"

"இல்லையே. இங்கேதான் பொறந்தேன். எங்க வீட்ல இருந்து கடலுக்குப் பத்து நிமிஷ நடை."

கணக்குப் போட்டுப் பார்த்தேன். 1989.

2

டர்பனைப் பற்றி வாசிக்கும்போதெல்லாம் திறந்தவெளி வாழ்க்கை என்று ஒரு தொடர் வந்துகொண்டே இருக்கும். கடற்கரை, சர்ஃபிங், கோல்ஃப், வீட்டுத் தோட்டத்தில் கறி சுடுவது. வெயிலும் கடலும் இருந்தால் மனிதர்கள் வெளியே வருவார்கள், இதில் என்ன வரலாறு இருக்கிறது என்று நானும் நினைத்திருந்தேன். ஆனால் இந்த ஊரில் திறந்தவெளிக்கு இரண்டு வரலாறுகள் உண்டு. ஒன்று வெயிலில் நின்றவர்களுடையது. இன்னொன்று வெயில் காய்ந்தவர்களுடையது.

முதல் வரலாறு இந்தத் துறைமுகத்தில் தொடங்குகிறது. 1860 நவம்பர் 16 அன்று ட்ரூரோ என்ற கப்பல் இங்கே வந்து சேர்ந்தது. மதராஸில் ஏறிய 342 பேர் அதில் இருந்தார்கள். பெரும்பாலும் தமிழும் தெலுங்கும் பேசியவர்கள். அப்போது மதராஸுக்குத் துறைமுகம் கிடையாது. மசூலா படகில் அலையைத் தாண்டிப்போய்த்தான் கப்பல் ஏற வேண்டும். டர்பன் துறைமுகத்தின் வாயிலிலோ மணல்திட்டு மறித்துக் கிடந்தது. பெரிய கப்பல்கள் வெளியே நங்கூரமிட, இங்கேயும் படகில்தான் கரைக்கு வரவேண்டும். பத்து நாள் கழித்துக் கல்கத்தாவிலிருந்து பெல்விடியர் வந்தது. 1911இல் ஆள் அனுப்புவது நிறுத்தப்படும்வரை மொத்தம் 1,52,184 பேர். அவர்களில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு மதராஸ் வழியாக வந்தவர்கள்.

ஒப்பந்தம் ஐந்து வருடம். முதல் வருடம் மாதம் 10 ஷில்லிங், பிறகு வருடத்துக்கு ஒரு ஷில்லிங் கூடும். வேலை பெரும்பாலும் கரும்புத் தோட்டத்தில். சூரிய உதயத்திலிருந்து அஸ்தமனம்வரை. கையேடுகள் பெருமையோடு எண்ணிச் சொல்கிற அந்த 320 நாள் வெயிலும் அவர்கள் முதுகில்தான் விழுந்திருக்கும். ஒப்பந்தம் முடிந்து சுதந்திரமாக வாழ நினைத்தால் அதற்கும் விலை வைத்தார்கள். ஊர் திரும்பாமல், மறு ஒப்பந்தமும் போடாமல் நேட்டாலில் தங்குகிறவர்கள் வருடத்துக்கு 3 பவுண்டு வரி கட்ட வேண்டும் என்று 1895இல் சட்டம் வந்தது. 3 பவுண்டு என்றால் 60 ஷில்லிங். முதல் வருடச் சம்பளக் கணக்கில் ஆறு மாத உழைப்பு. 1913இல் சுரங்கங்களிலும் தோட்டங்களிலும் ஆயிரக்கணக்கானோர் வேலையைப் போட்டுவிட்டு வெளியே வந்த பிறகுதான் 1914இல் அந்த வரி ஒழிந்தது.

அங்கிள் தன் கொள்ளுத்தாத்தாவின் பதிவு நகலைப் பிளாஸ்டிக் உறைக்குள் வைத்திருக்கிறார். இங்கே பல குடும்பங்களில் இது உண்டு. கப்பல் பட்டியல்கள் பாதுகாக்கப்பட்டிருப்பதால் எண் தெரிந்தால் ஆளைக் கண்டுபிடித்துவிடலாம். எண், பெயர், தகப்பன் பெயர், வயது, சாதி, ஜில்லா, தாலுகா, கிராமம், கடைசியில் உடல் அடையாளம். அவருடைய முன்னோருக்கு வட ஆற்காடு ஜில்லா. கிராமத்தின் பெயரை எழுதியவர் காதில் விழுந்தபடி எழுதியிருக்கிறார். இன்றுவரை அது எந்த ஊர் என்று தெரியவில்லை. அடையாளம்: இடது முழங்காலில் தழும்பு.

"போட்டோ கிடையாது. லெட்டர் கிடையாது. எங்க குடும்பத்துக்கு ஆரம்பம்னா இந்தத் தழும்புதான்," என்றார்.

எனக்குச் சட்டென்று எதுவும் சொல்ல வரவில்லை. நம் ஊர்க்காரர்கள் வெளிநாட்டுத் தமிழரைப் பார்த்ததும் முதலில் கேட்கும் "பூர்வீகம் எந்த ஊர்?" என்ற கேள்வியை நானும் அன்று காலையில்தான் உற்சாகமாகக் கேட்டிருந்தேன்.

3

அங்கிள் பிறந்த இடத்தைப் பார்க்க நடந்தே போனோம். சாம்ட்சு சாலையின் ஒரு முனை கடற்கரையில் முட்டுகிறது. அந்தச் சாலையை ஒட்டித்தான் மேகசின் பாரக்ஸ் இருந்தது. 19ஆம் நூற்றாண்டின் கடைசிப் பகுதியில் டர்பன் மாநகராட்சி தன் இந்தியத் தொழிலாளர்களுக்காக உருவாக்கிய குடியிருப்பு. வரிசை வரிசையாகச் சின்ன அறைகள், பொதுக் குழாய், பொதுக் கழிப்பிடம். அங்கே இருந்தவர்களில் பெரும்பாலோர் தமிழ், தெலுங்குக் குடும்பங்கள். நகரத்தின் தெருக்களைப் பெருக்கியவர்கள், குப்பை அள்ளியவர்கள், பூங்காக்களில் புல் வெட்டியவர்கள். அதற்குள்ளேயே கோயில் இருந்தது, கூத்து நடந்தது, கால்பந்து அணிகள் இருந்தன. நேரம் கிடைத்தபோதெல்லாம் எல்லாரும் வெளியேதான். பத்துப் பேர் ஒரு அறையில் படுக்கும் வீட்டில் திறந்தவெளி வாழ்க்கை என்பது வேறு வழியில்லாமல் வருவது.

அங்கிளின் அப்பா துப்புரவுத் தொழிலாளி. பல வருடம் அவருக்குக் கடற்கரைப் பக்கம்தான் வேலை. விடியும் முன்னே போய்ப் பெருக்குவார். ஓட்டல்களில் தங்கியவர்கள் காலை உலாவுக்கு இறங்கும்போது நடைபாதை சுத்தமாக இருக்க வேண்டும், பெருக்கியவர் கண்ணில் படக்கூடாது.

இந்தக் கடற்கரையின் ஒவ்வொரு அழகுக்குப் பின்னாலும் இப்படி ஒருவர் ஒளிந்திருப்பார். மணியும் இறகும் கொம்பும் வைத்த தலையலங்காரத்தோடு ஜூலு ஆண்கள் இழுக்கும் ரிக்‌ஷா டர்பனின் அடையாளம். எல்லா அஞ்சலட்டையிலும் வரும். 1890களின் தொடக்கத்தில் அந்த வண்டிகளை இங்கே கொண்டுவந்தவர் மார்ஷல் காம்பெல் என்ற சர்க்கரை முதலாளி. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஆயிரக்கணக்கான ரிக்‌ஷாக்காரர்கள் இருந்தார்கள். இப்போது சுற்றுலாப் பயணிகளின் செல்ஃபிக்காக ஒரு சிலர் மட்டும். கடலைப் பார்த்த ஓட்டல்களில் வெள்ளைச் சீருடையோடு உணவு பரிமாறியவர்களில் பெரும்பாலோர் இந்தியர்கள். ஓட்டலின் தட்டை ஏந்தலாம், ஓட்டல் மேசையில் உட்கார முடியாது.

கரைவலைக்காரர்களின் கதை தனி. ஒப்பந்தம் முடித்த சிலர், தமிழ்க் கடற்கரையில் கற்ற தொழிலை இங்கே மறுபடி எடுத்தார்கள். துடுப்புப் படகில் போய் வலையை வளைத்து, கரையில் நின்று கூட்டமாக இழுப்பார்கள். ஜூன், ஜூலையில் மத்தி மீன்கள் பெரும் கூட்டமாகக் கரையோரம் வடக்கே வரும்போது இன்றும் டர்பன் கடற்கரைகளில் அந்த வலை விழுகிறது. ஊரே திரண்டு வேடிக்கை பார்க்கும். வளைகுடாவுக்குள் இருக்கும் சாலிஸ்பரி தீவில் இந்திய மீனவர்களின் குடியிருப்பே இருந்தது. இரண்டாம் உலகப்போரின்போது கடற்படைத் தளத்துக்காக அவர்கள் வெளியேற்றப்பட்டார்கள். வேடிக்கை என்னவென்றால், 1961இல் அதே தீவின் கடற்படைக் கொட்டடிகளில் இந்தியர்களுக்கென்று தனிப் பல்கலைக்கழகக் கல்லூரியை அரசாங்கம் திறந்தது. மீனவர்களை அகற்றிய தீவுக்கு அவர்கள் பேரப்பிள்ளைகள் படகேறிப் படிக்கப் போனார்கள். அங்கிளும் அங்கேதான் படித்தார்.

"தீவுல படிச்சேன்னு சொன்னா வெளிநாட்டுக்காரங்க சொகுசா நெனச்சுக்குவாங்க," என்று சிரித்தார்.

மேகசின் பாரக்ஸ் இப்போது இல்லை. அந்தப் பகுதியில் நீதிமன்றக் கட்டடங்கள் நிற்கின்றன. வாசலில் வழக்குக்கு வந்தவர்கள் வெயிலில் காத்திருந்தார்கள். அங்கிள் ஒரு மரத்தடியைக் காட்டி, "இங்க எங்கேயோதான் எங்க கொழாய்," என்றார். அவ்வளவுதான்.

4

இரண்டாவது வரலாறு, அதாவது வெயில் காய்ந்தவர்களின் வரலாறு, சட்டப் புத்தகத்தில் இருக்கிறது. பிரிவினை வழக்கமாக முன்பே இருந்ததுதான். 1953இல் அதற்கு நாடு முழுக்க ஒரு சட்டம் வந்தது. பொது வசதிகளை இனவாரியாக ஒதுக்கும் சட்டம். அதில் ஒரு நுணுக்கம்: ஒவ்வோர் இனத்துக்கும் தரப்படும் வசதி சமமாக இருக்க வேண்டிய அவசியமில்லை என்று வெளிப்படையாகவே எழுதிவைத்தார்கள். 1960இல் திருத்தம் கொண்டுவந்து கடற்கரையையும் கடலையும் அதற்குள் சேர்த்தார்கள். மணலை மட்டுமல்ல, அலையையும் சட்டம் பிரித்தது.

டர்பனில் நகரத்தின் நடுவே இருக்கும் நல்ல கடற்கரைகள் வெள்ளையருக்கு. மற்றவர்களுக்கு வடக்கே தள்ளி. இந்தியருக்கு ஒரு துண்டு, ஆப்பிரிக்கருக்கு இன்னொரு துண்டு. சாம்ட்சு சாலை முனையிலிருந்த பேட்டரி கடற்கரைதான் அங்கிளின் சிறுவயதுக் கடல். 1980களில் கூட நின்ற ஒரு பலகையின் புகைப்படம் உலகம் முழுக்கப் பிரபலம். டர்பன் கடற்கரைத் துணைவிதி 37இன்படி இந்தக் குளிக்குமிடம் வெள்ளை இனக்குழுவினரின் தனிப் பயன்பாட்டுக்கு என்று ஆங்கிலம், ஆஃப்ரிகான்ஸ், ஜூலு மூன்று மொழியிலும் எழுதியிருக்கும். உள்ளே வரக்கூடாது என்பதை மட்டும் எல்லாருக்கும் அவரவர் மொழியில் சொல்லியிருக்கிறார்கள்.

இந்த ஊரில் சுறா பயம் நிஜமானது. 1952இல் டர்பன் கடற்கரைகளில் சுறாத் தடுப்பு வலைகள் போட்டார்கள். 1957 டிசம்பரிலிருந்து 1958 ஏப்ரல்வரை இதே கரையோரத்தில், டர்பனுக்குத் தெற்கே உள்ள ஊர்களில், அடுத்தடுத்துச் சுறாத் தாக்குதல்கள் நடந்தன. விடுமுறைக்கு வந்தவர்கள் ஊரைக் காலிசெய்துகொண்டு ஓடினார்கள். 1964இல் இதற்கென்றே ஒரு வாரியம் அமைத்தார்கள். சுறா வலையும் 1953 சட்டமும் அடுத்தடுத்த வருடங்களில் வந்தவை. குளிக்கிறவர்களுக்குப் பாதுகாப்பான கடல் வேண்டும் என்று ஓர் அரசு இவ்வளவு அக்கறையோடு யோசித்திருக்கிறது. யார் குளிக்கிறார்கள் என்பதுதான் கேள்வி.

விளையாட்டிலும் இதே கதை. 1977இல் உலக சர்ஃபிங் சாம்பியனான ஷான் டாம்சன் டர்பன் அலைகளில் வளர்ந்தவர். அபாரமான வீரர், சந்தேகமே இல்லை. ஆனால் அந்த அலைகளில் அவரோடு போட்டிபோட்டிருக்கக்கூடிய பாரக்ஸ் பையன்கள் பலகையின் மறுபக்கம் நின்றார்கள். 1985இல் ஆஸ்திரேலிய சாம்பியன் டாம் கரோல் இனி தென்னாப்பிரிக்காவுக்குப் போட்டிக்கு வரமாட்டேன் என்று அறிவித்தபோதுதான் சர்ஃபிங் உலகத்துக்கே கொஞ்சம் உறைத்தது.

பாப்வா செவ்கோலம் கதை எனக்கு முன்பே தெரியும். டர்பனுக்கு வந்து கேட்டபோது வேறு மாதிரி கேட்டது. கோல்ஃப் பை தூக்கும் பையனாக இருந்து தானாக ஆடக் கற்றவர். இடது கை கீழே வரும் தலைகீழ்ப் பிடி. எழுதப் படிக்கத் தெரியாது. 1959இலும் 1960இலும் டச்சு ஓப்பனை வென்றார். 1963 ஜனவரியில் டர்பன் கன்ட்ரி கிளப்பில் நடந்த நேட்டால் ஓப்பனில் வெள்ளை வீரர்களை முந்தி முதலில் வந்தார். பரிசளிப்பு நேரத்தில் மழை. கிளப் கட்டடத்துக்குள் இந்தியர் நுழையக்கூடாது. வெளியே மழையில் நின்று கோப்பையை வாங்கினார். அந்தப் படம் உலகப் பத்திரிகைகளில் வந்தது. 1965இல் அதே நேட்டால் ஓப்பனில் கேரி பிளேயரையே தோற்கடித்தார். கொஞ்ச காலத்திலேயே அவரைப் பெரிய போட்டிகளிலிருந்து ஒதுக்கிவிட்டார்கள். 1978இல் வறுமையில் இறந்தார்.

திறந்தவெளியை வாழ்க்கைமுறையாகக் கொண்ட ஊரில் அவருக்குக் கொடுத்த இடமும் திறந்தவெளிதான். மழை பெய்யும்போது உள்ளே வர முடிகிறவர்களுக்குத்தான் வெயில் ஒரு சுகம்.

5

1950இன் குழுப் பகுதிச் சட்டம் யார் எங்கே வசிக்கலாம் என்று வரைபடத்தில் கோடு போட்டது. கேட்டோ மேனரில் பல பத்தாண்டுகளாகக் காய்கறி பயிரிட்டுக் கோயில் கட்டி வாழ்ந்த இந்தியக் குடும்பங்களும், அவர்களுக்கு வாடகை கொடுத்து அங்கேயே வாழ்ந்த ஆப்பிரிக்கக் குடும்பங்களும் காலிசெய்யப்பட்டார்கள். ஆப்பிரிக்கர் குவாமாஷுவுக்கும் உம்லாசிக்கும், இந்தியர் சாட்ஸ்வொர்த்துக்கும். மேகசின் பாரக்ஸும் அந்த அலையில் போனது. அங்கிளின் குடும்பம் லாரியில் ஏறியபோது அவருக்கு 14 வயது.

சாட்ஸ்வொர்த் கடற்கரையிலிருந்து 20 கிலோமீட்டர் தள்ளி மேட்டு நிலத்தில் இருக்கிறது. அதன் ஒரு பகுதிக்குப் பேவியூ என்று பெயர். வளைகுடாக் காட்சி. நான் அங்கே நின்று பார்த்தேன். ஒரே அச்சில் வார்த்த வீடுகள், தகரக் கூரைகள், மாமரங்கள், தெருவுக்கு ஒரு கோயில் கொடி. ஆடி மாதம் என்பதால் ஒரு அம்மன் கோயிலில் கூழ் ஊற்றிக்கொண்டிருந்தார்கள். இங்கே அதற்குப் பெயர் போரிட்ஜ் ப்ரேயர். மந்திரமும் பாட்டும் தமிழில், வரிசையில் நிற்பவர்களின் அரட்டை ஆங்கிலத்தில். கவுண்டர் கவேண்டராகவும் முதலியார் மூட்லியாகவும் நாயுடு நாய்டூவாகவும் மாறிய பெயர்ப்பலகைகள். என் கையில் ஒரு டம்ளர் கூழ் வந்தது. ருசி மாறவில்லை. அந்த நிமிடத்தில் நெஞ்சு கொஞ்சம் நிமிர்ந்தது உண்மை. நம்ம ஆட்கள் எதையும் விட்டுக்கொடுக்கவில்லை என்று ஒரு பெருமிதம்.

அங்கிள் அந்தப் பெருமிதத்தை ரொம்ப நேரம் விட்டுவைக்கவில்லை.

"நீ இந்தியாவுல இருந்து வர்றவன். எங்கள எல்லாம் தியாகி மாதிரி எழுதுவ. அதோட இன்னொன்னும் எழுதணும்," என்றார். "எங்களுக்கு ஒரு பீச் இருந்துச்சு. சின்னது, தள்ளி இருந்துச்சு, ஆனா இருந்துச்சு. ஆப்பிரிக்காக்காரனுக்கு ஊருக்குள்ள நடக்கவே பாஸ் வேணும். நாங்க நடுப்படியில நின்னோம். நடுப்படியில நிக்கிறவன் எப்பவும் மேல பாத்துத்தான் அழுவான், கீழ பாக்கமாட்டான்."

1949 ஜனவரியில் டர்பனில் ஆப்பிரிக்கர்களுக்கும் இந்தியர்களுக்கும் இடையே கலவரம் வெடித்தது. 142 பேர் செத்தார்கள். 87 பேர் ஆப்பிரிக்கர், 50 பேர் இந்தியர். இந்திய வீடுகளும் கடைகளும் எரிந்தன. இந்தியக் கடைக்காரர்களும் வீட்டுச் சொந்தக்காரர்களும் பஸ் முதலாளிகளும் ஆப்பிரிக்கர்களை நடத்திய விதமும், இரண்டு பேரையும் ஒருவர் மீது ஒருவர் மோதவிட்ட ஆட்சியும் அதில் சேர்ந்தே இருந்தன. 2021 ஜூலைக் கலவரத்தில் நாடெங்கும் 350 பேருக்கு மேல் இறந்தபோது, இந்தியர் பெருவாரியாக வாழும் ஃபீனிக்ஸ் பகுதியில் மட்டும் 36 பேர் கொல்லப்பட்டார்கள். அவர்களில் பெரும்பாலோர் ஆப்பிரிக்கர். கொள்ளையிலிருந்து ஊரைக் காக்கிறோம் என்று சாலையை மறித்தவர்கள் வழியில் போனவர்களையும் அடித்தார்கள், சுட்டார்கள் என்பது வழக்காக நீதிமன்றங்களுக்குப் போயிருக்கிறது.

கூழ் டம்ளரைத் திருப்பிக் கொடுத்துவிட்டு வண்டியில் ஏறினேன். இந்தக் கட்டுரையை நம்மவர்களின் வெற்றிக் கதையாக எழுதும் எண்ணம் அங்கேயே கழன்றுவிட்டது.

6

1989க்கு வருவோம். டர்பன் மாநகராட்சி அதற்கு முன்பே சில கடற்கரைகளை எல்லாருக்கும் திறந்துவிட்டிருந்தது. மற்றவற்றில் பலகைகள் நின்றன. அந்த வருடம் மக்கள் இயக்கங்கள் சட்டத்தை நேருக்கு நேர் மீறுவது என்று முடிவெடுத்தன. ஆகஸ்டில் கேப் டவுன் பக்கம் பேராயர் டெஸ்மண்ட் டூட்டுவோடு மக்கள் வெள்ளையர் கடற்கரைகளுக்குப் போனார்கள். போலீஸ் நாய்களோடும் சவுக்குகளோடும் வந்தது. மணலில் உட்கார்ந்து சாப்பிட வந்தவர்களை நாயை விட்டுத் துரத்தும் காட்சியை உலகம் பார்த்தது. செப்டம்பர் தொடக்கத்தில் டர்பனின் முறை. அடிங்டன் கடற்கரைக்கு ஆப்பிரிக்கர், இந்தியர், கலப்பினத்தார், சில வெள்ளையர் என்று கூட்டம் கூட்டமாக வந்தார்கள்.

அங்கிள் தன் மனைவியோடும் இரண்டு பிள்ளைகளோடும் போனார். ஒரு டப்பாவில் பிரியாணி, ஒரு துண்டு.

"பயமா இருந்துச்சா?"

"பயம் இருந்துச்சு. அதைவிட வெக்கமா இருந்துச்சு தம்பி. ஏன்னு கேளு. எனக்கு நீச்சல் ட்ரெஸ் இல்ல. பேன்ட்ட முட்டி வரைக்கும் சுருட்டிட்டு எறங்கினேன். சுத்தி கோஷம், பாட்டு, எங்களப் பாத்துத் திட்டுற வெள்ளக்காரங்க, போலீஸ். எனக்கு ஒண்ணும் கேக்கல. எங்கப்பா பெருக்குன எடம் இதுன்னு மட்டும் தோணுச்சு. அவர் செத்து ஆறு வருஷம் ஆயிருந்துச்சு."

அந்த வருடம் நவம்பர் 16 அன்று, புதிதாகப் பதவிக்கு வந்திருந்த டி கிளார்க், நாட்டின் கடற்கரைகள் எல்லா இனத்தவருக்கும் திறக்கப்படும், பொது வசதிகள் சட்டமும் நீக்கப்படும் என்று அறிவித்தார். 1990 அக்டோபரில் சட்டம் ரத்தானது.

தேதியைக் கவனித்தீர்களா? ட்ரூரோ வந்தது நவம்பர் 16. சரியாக 129 வருடம். தற்செயல்தான், அதற்கு மேல் அதில் அர்த்தம் தேடவேண்டியதில்லை. ஆனால் கணக்கு மட்டும் நிஜம். இந்தக் கரையில் படகிலிருந்து இறங்கி மணலில் கால் வைத்தவர்களின் வம்சம், அதே ஊரின் மணலில் விரும்பிய இடத்தில் சும்மா உட்கார 129 வருடம் காத்திருந்திருக்கிறது.

'சும்மா' என்ற சொல்லை வேண்டுமென்றேதான் போடுகிறேன். உரிமைப் போராட்டம் என்றதும் ஓட்டு, நிலம், கல்வி, கூலி என்றுதான் நாம் யோசிப்போம். கடற்கரையெல்லாம் ஒரு பிரச்சினையா என்று அன்றைக்கே கேட்டவர்கள் உண்டு. ஆனால் ஒருவனை வேலைக்கு மட்டும் வெளியே வர அனுமதித்து, ஓய்வுக்கு வர அனுமதிக்காத ஆட்சி அவனைக் கருவியாகத்தான் பார்க்கிறது. துடைப்பத்தோடு வந்தால் அங்கிளின் அப்பா அடிங்டன் கடற்கரைக்கு வரலாம். துடைப்பத்தைக் கீழே வைத்து ஐந்து நிமிடம் உட்கார்ந்தால் குற்றம். ஒரு மனிதனுக்கும் அவன் வேலைக்கும் நடுவே இருக்கிற அந்த ஐந்து நிமிடத்துக்காகத்தான் 1989இல் பிரியாணி டப்பாவோடு ஜனங்கள் போனார்கள்.

7

பலகைகள் போனதும் எல்லாம் சரியாகிவிடவில்லை. புத்தாண்டு நாளில் டர்பன் கடற்கரையில் பெருங்கூட்டம் திரளும். குழந்தைகள் தொலைந்துபோகாமல் இருக்கக் கையில் அடையாளப் பட்டை கட்டிவிடுவார்கள். 2016இல் அப்படி ஒரு புத்தாண்டுக்குப் பிறகு, இந்தக் கரையோரத்தில் வசித்த ஒரு வெள்ளைப் பெண், கடற்கரைக்கு வந்த கறுப்பின மக்களைக் குரங்குகளோடு ஒப்பிட்டு ஃபேஸ்புக்கில் எழுதினார். சமத்துவ நீதிமன்றம் அவருக்கு 1,50,000 ராண்ட் கட்ட உத்தரவிட்டது. சட்டம் இப்போது பலகைக்கு எதிர்ப்பக்கம் நிற்கிறது. மனசு மாறுவது அதன் வேகத்தில்தான்.

2022 ஏப்ரல் வெள்ளத்தில் டர்பனிலும் சுற்றுப்புறத்திலும் 400க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். கழிவுநீர்க் கட்டமைப்பு உடைந்து சாக்கடை கடலில் கலந்ததால் அதன் பிறகு கடற்கரைகள் திரும்பத் திரும்ப மூடப்பட்டன. நீச்சல் குளம் உள்ளவர்கள் குளத்துக்குப் போனார்கள். பொதுக் கடலை நம்பியிருந்தவர்கள் கரையில் நின்றார்கள். பலகை இல்லாமலும் கடலை மூட முடியும் என்று தெரிந்துகொண்டேன்.

கடைசி நாள் மறுபடி அடிங்டன். அங்கிளின் பேத்தி சர்ஃபிங் பலகையோடு எங்களுக்கு முன்னால் ஓடித் தண்ணீருக்குள் போனாள். 16 வயது. தாத்தா நின்ற வரிசை, தாத்தாவின் பலகை எல்லாம் அவளுக்குப் பள்ளிப் பாடம். அவள் கவலை அன்றைக்குக் காற்று தெற்கிலிருந்து அடிக்கிறதே என்பதுதான். அங்கிள் அதைப் பார்த்து வருத்தப்படுவார் என்று நினைத்தேன். அவர் பெஞ்சில் நன்றாகச் சாய்ந்து, கண்ணை மூடி, முகத்தை வெயிலுக்குக் கொடுத்து உட்கார்ந்திருந்தார். நானும் பேச்சுக் கொடுக்கவில்லை.

கொஞ்ச நேரம் கழித்துக் கண்ணைத் திறக்காமலே கேட்டார். "அந்தக் கப்பல் கெளம்புன எடம், உங்க மெட்ராஸ். அங்கேயும் பெரிய பீச் இருக்காமே. யார் வேணா வரலாமா?"

"வரலாம் அங்கிள். யார் வேணா வரலாம்," என்று வேகமாகச் சொன்னேன்.

"பெருக்குறவங்க?"

காலை ஐந்து மணி மெரினா ஞாபகம் வந்தது. ஒளிரும் பச்சைச் சட்டை போட்ட அக்காக்கள் நேற்றைய சுண்டல் காகிதத்தைக் கூட்டிக்கொண்டிருப்பார்கள். பல வருடம் அங்கே நடந்திருக்கிறேன். அவர்களில் ஒருவர்கூட மணலில் உட்கார்ந்து நான் பார்த்ததில்லை. அவர்கள் மாலையில் பிள்ளைகளோடு வருகிறார்களா என்றும் தெரியாது. சட்டை மாற்றி வந்தால் எனக்கு அடையாளம் தெரிந்திருக்காது.

"பார்த்துட்டுச் சொல்றேன்," என்றேன்.

அவர் தலையாட்டினார். பேத்தி முதல் அலையில் எழுந்து நின்று, விழுந்தாள்.